யாரும் ஏறலாம் என்ற பலகை

நகராட்சி நீச்சல் குளத்தில் இருபது வருடமாகப் பயிற்சி கொடுக்கும் அந்த அம்மாளை எல்லோரும் விசில் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் விசில் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. அவள் ஒருவரைப் புகழ்ந்து கேட்டவர்கள் அதைவிடக் குறைவு. கல்யாணத்துக்குப் பிறகு, இருபத்துநாலு வயதில், ஏழு வயதுப் பொடிசுகளோடு வரிசையில் நின்று நீந்தக் கற்றவள். மூக்கில் தண்ணீர் ஏறி, பொடிசுகள் கெக்கலித்து, மூன்று மாதம் போன பிறகுதான் எதிர்ச் சுவரைத் தொட்டாள். அதனால் "ரொம்ப ஈஸி" என்று யாராவது சொன்னாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிச் சொன்னவர்களைத்தான், மூழ்கும்போது, அவள் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்திருக்கிறாள்.

அந்த வார்த்தையோடுதான் ஒருநாள் அவள் கொழுந்தன் வந்து நின்றான். விளையாட்டுச் சாமான் கடை நடத்துபவன். கடையில் இருக்கிற எதையும் விளையாடத் தெரியாதவன்.

"அண்ணி, ரொம்ப ஈஸி. நின்னுக்கிட்டே துடுப்பு போடற பலகை. கத்துக்குட்டிங்களுக்குன்னே செஞ்சது. கடற்கரையில வாடகைக்கு விடப்போறேன். நீங்க ஒருதடவை ஏறி நின்னு, 'யாரும் ஏறலாம்'னு சொன்னாப் போதும். உங்க படத்தோட கடை வாசல்ல மாட்டிடுவேன்."

"நீ ஏறிப் பார்த்தியா?"

"வீடியோ பூரா பார்த்துட்டேன்."

"அப்ப அந்த வீடியோவையே மாட்டிடு."

ஆனாலும் சனிக்கிழமை காலை போனாள். போகாவிட்டாலும் அவன் அவள் பெயரை எங்காவது இழுத்துவிடுவான் என்பது அவளுக்குத் தெரியும். மணலில் அந்தப் பலகை கிடந்தது. கிட்டத்தட்ட மூன்றடி அகலம், மேலே மெத்தென்ற ரப்பர், பின்னால் காலில் கட்டிக்கொள்ள ஒரு வார், கண்ணைக் குத்தும் மஞ்சள்.

"இது பலகையா, சோபாவா? ஒரு டிவி வச்சாப் போச்சு."

கொழுந்தன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். புதுக் கறுப்புக் கண்ணாடி, புதுச் சட்டை, வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்த நடை. இடுப்பளவு உயரத்துக்கு அலை வந்து விழுந்துகொண்டிருந்தது. துடுப்பைப் பின்பக்கம் முன்பக்கமாகப் பிடித்திருந்தான். அவள் அதைக்கூடச் சொல்லவில்லை. உயிர் சம்பந்தப்பட்டதை மட்டும் சொன்னாள்.

"கால்ல வாரைக் கட்டு. விழுந்தா பலகைக்கும் கரைக்கும் நடுவுல நிக்காத. அலை அதை உன்மேல தூக்கி அடிக்கும்."

"தெரியும் அண்ணி, தெரியும்."

வாரைக் கட்டினான், அதுவரை நல்லது. முதல் அலைக்கே எழுந்து நின்றான். நின்றான் என்பது பெரிய வார்த்தை. முழங்கால் தந்தியடிக்க, பின்புறத்தை வானத்துக்குக் காட்டிக் குனிந்திருந்தான். பலகை அலைக்குக் குறுக்கே திரும்பியது. அவன் மூட்டை மாதிரி விழுந்தான். எழுந்து, எங்கே நிற்கக் கூடாது என்றாளோ சரியாக அங்கே நின்று, கரையைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். அடுத்த அலை பலகையை அவன் முதுகில் கொண்டுவந்து இறக்கியது.

அவள் ஓடிப்போய் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவந்து மணலில் போட்டாள். உதடு கிழிந்திருந்தது. விலா எலும்பைத் தடவிப் பார்த்தாள்; உடையவில்லை.

"பலகை சரியில்ல அண்ணி," என்றான், மணலைத் துப்பிக்கொண்டே.

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. விசிலைக் கழற்றி அவன் கையில் திணித்தாள். வாரைத் தன் காலில் கட்டிக்கொண்டு, பலகையின் மூக்கை அலைக்கு நேரே வைத்துத் தள்ளிப் போனாள். இரண்டு அலைக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் மண்டியிட்டு ஏறினாள். மண்டியிட்டபடியே துடுப்புப் போட்டு, அலை உடையும் இடத்தைத் தாண்டினாள். அதற்குள் இரண்டு முறை விழுந்தாள். தாண்டியதும் எழுந்து நின்றாள்.

பலகையைக் குறை சொல்ல முடியவில்லை. சும்மா சொல்லக் கூடாது, தரை மாதிரி நின்றது. திரும்பும்போது ஒரு சின்ன அலை பின்னாலிருந்து தூக்கியது. நாலைந்து நொடி, ஐம்பது வயதுக்காரி, நின்றபடியே கரையை நோக்கிப் பறந்தாள். வாய்விட்டுக் கத்தினாள். பிறகு தட்டையாக, ஆழத்துக்குள் போகாமல், முறையாக விழுந்தாள். எழுந்ததும் சிரித்த முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவன் முன்னால் சிரிக்க அவளுக்கு மனசில்லை.

"படம் எடுத்துட்டேன் அண்ணி! எழுதிடலாமா?"

"எழுதிக்கோ. அலை இல்லாத தண்ணில யாரும் ஏறலாம். அலையில கத்துக்கிட்டவங்க மட்டும் ஏறலாம். ஒரு எழுத்து குறைஞ்சாலும் நானே வந்து கிழிப்பேன்."

"இப்படிப் போட்டா யாரு அண்ணி வருவா?"

"உன்ன மாதிரி ஆளு வரமாட்டான். அதுதானே வேணும்?"

கொழுந்தன் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அவளுக்கு அது ஓய்வு மாதிரி இருந்தது. பிறகு அவன் பலகைகளை ஆற்றின் முகத்துவாரத்துக்கு உள்ளே, தண்ணீர் அசையாமல் கிடக்கும் இடத்துக்கு மாற்றிக்கொண்டான். குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் வந்து ஏறின. யாருக்கும் உதடு கிழியவில்லை. அந்த இடத்தை ஆராய்ந்து கண்டுபிடித்தது தானே என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விசில் டீச்சர் அங்கே வந்து ஒரு மஞ்சள் பலகையை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போவாள். அவன் அந்தக் கதையை அவள் காதுபடவே அளந்தபோது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து காலில் வாரைக் கட்டிக்கொண்டிருந்தாள்.