பேரிங் பரீட்சை

என் வயதுப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்டி ஆடிக்கொண்டிருந்த காலத்தில், மாதத்துக்கு ஒரு ஞாயிறு நான் மட்டும் பெரியப்பாவின் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் குத்தவைத்துப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். எழுதினேன் என்பது சும்மா ஒரு பேச்சுக்கு. பேப்பரும் கிடையாது, பேனாவும் கிடையாது. காது மட்டும் இருந்தால் போதும்.

எண்பதுகளில் ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் அப்பா பிட்டராக இருந்தார். அவருடைய அண்ணன், அதாவது என் பெரியப்பா, அதே மில்லில் மேஸ்திரி. பெரியப்பாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு உண்டு. பாதை என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒன்றும் இருக்காது. கல்லும் மணலும் தாண்டி, ஓடையில் இறங்கி ஏற வேண்டும். அதற்கென்றே யாரோ ஓட்டிச் சலித்த மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, மிச்சமிருந்த பெயிண்டையும் அந்தப் பாதையில் உதிர்த்துவிட்டார். ஓடைத் தண்ணீர் சக்கரத்துக்குள் புகுந்து பேரிங்கிலிருக்கும் கிரீஸைக் கழுவிவிடும். பின்னாலேயே மணலும் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் மாதம் தவறாமல் வண்டி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

அப்பா இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்துச் சக்கரங்களைக் கழற்றுவார். பேரிங்குகளைத் தட்டி எடுத்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, உள்ளே இருக்கும் குண்டுகள் பளபளக்கிறவரை கழுவுவார். உள்ளங்கை நிறையக் கிரீஸை எடுத்து, பேரிங்கின் விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் பிதுங்குகிறவரை ஏற்றுவார். பின் சக்கரத்தைத் தாங்குகிற கவையின் புஷ், ஹேண்டில்பாருக்கு அடியிலிருக்கும் பொடிக் குண்டுகள், எதையும் விட்டுவைக்க மாட்டார். எல்லாம் மாட்டி முடித்த பிறகுதான் என் முறை வரும்.

நீளமான திருப்புளியின் முனையை ஆக்சிலில் வைத்து, அதன் பிடியை என் காதோடு ஒட்டுவார். மறு கையால் சக்கரத்தைச் சுற்றிவிடுவார்.

“என்ன கேக்கு?”

“கொரகொரங்குப்பா.”

“என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சரும் இப்படித்தான், முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லாவிட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து இன்னொரு தடவை சொல்வேன். கொரகொரப்பு என்றால் சக்கரம் மறுபடி கழலும். சத்தமில்லாமல் சுற்றுகிறது என்று சொன்னால், அப்பா திருப்புளியைத் தம் காதிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து, “சரியாத்தான் சொல்லுத” என்பார். கணக்கில் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த எனக்கு, அந்த ஒரு வார்த்தை அந்த மாதம் முழுவதற்கும் போதும்.

மில் தொழிலாளி வீடு என்பதால் நாங்கள் எல்லோருமே கத்தித்தான் பேசுவோம். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் தெருக்கோடிக்குக் கேட்கும். அடுத்த வீட்டிலும் அப்படித்தான், அதற்கடுத்த வீட்டிலும் அப்படித்தான்.

ஒரு வருஷம் ஆடிப்பூரத் தேர் பார்க்க அம்மா என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனாள். சித்தி வீட்டில் சில நாள் தங்கிவிட்டோம். அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்திருக்கிறது. அப்பா தனியாகவே எல்லாம் பார்த்து மாட்டி அண்ணனிடம் கொடுத்திருக்கிறார். அந்த வாரமே, ஓடையிலிருந்து மேடேறும்போது முன் சக்கரம் இறுகி, பெரியப்பாவைக் கல்லில் தூக்கிப் போட்டுவிட்டது. தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது.

நாங்கள் திரும்பி வந்தபோது பெரியப்பா கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பா எதிரே நின்றுகொண்டிருந்தார். பேரிங்கில் ஒரு குண்டு விண்டு போயிருந்ததாம். புதுக் கிரீஸ் மூடிக்கொண்டால் அது கைக்குப் பிடிபடாது, காதுக்கு மட்டும்தான் தெரியும்.

“கொரகொரன்னு கத்தியிருக்குமேடா. அத எப்பிடி விட்ட?” என்றார் பெரியப்பா.

“சரியாத்தாண்ணே பாத்தேன்.”

“பாத்தது கெடக்கட்டும். கேட்டியா?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. முன்னால் போய் நின்றேன்.

“அப்பாவ ஏன் ஏசுதிய பெரியப்பா? நான் ஊர்ல இல்ல, அதான். இருந்தா சொல்லியிருப்பேன். அப்பாவுக்கு எப்பவும் நான்தான கேட்டுச் சொல்லுவேன்.”

“ஏட்டி, உள்ள போ” என்றாள் அம்மா. அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. பெரியப்பா என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, “எம்புட்டு நாளாடா?” என்று கேட்டார். வண்டியைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். அப்பாவுக்காகப் பரிந்து பேசிவிட்ட பெருமை எனக்கு. செத்த நேரத்தில் வெளியே யாரோ அழுவது கேட்டது. எட்டிப் பார்த்தால் பெரியப்பா. கை வலிக்கிறது போல என்று இருந்துவிட்டேன்.

அடுத்த மாதம் அப்பாவைக் கழிவுப் பஞ்சு குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றச் சொன்னது பெரியப்பாதான். மிஷின் சத்தம் அப்பாவின் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்திருந்தது என்பதும், ஓடுகிற மிஷின்களுக்கு நடுவே அப்படி ஒருவரை விட்டுவைக்க அண்ணன் மனசுக்குத் துணிவில்லை என்பதும், அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். “ஒங்கப்பாதான் சொல்லக் கூடாதுன்னுட்டாவ. பிள்ளைக்குத் தெரிஞ்சா, தன்னாலதான் வேல போச்சுன்னு வாடிப்போயிருவாளேன்னு” என்றாள். அன்று நான் அழுத அழுகை அப்பா செத்த அன்றுகூட அழவில்லை.

ஆனால் அந்த வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், வண்டி வருவது நின்றுபோனது, அப்பா என்னிடம் எதுவும் கேட்பதில்லை என்பது மட்டும்தான். பெரியவர்கள் பேச்சில் குறுக்கே பேசியது தப்போ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வாசலில் உட்கார்ந்து தம் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முதுகுப் பக்கம் போய் நின்றேன். அதைக் கத்திக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. “எம்மேல கோவமாப்பா?” என்று மெதுவாகத்தான் கேட்டேன்.

அப்பா திரும்பவே இல்லை. துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். கோபம்தான் என்று முடிவு செய்துகொண்டு நான் உள்ளே போய்விட்டேன்.