கமால் பாய் கடைப் பெட்டியும் ஒரு பக்க மெமரியும்

கெர்னலில் வேலை பார்ப்பவளுக்கு ஒரு தலையெழுத்து உண்டு: எல்லாம் ஒழுங்காக ஓடினால் அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது, நின்றால் ஊருக்கே அவள் செல் நம்பர் தெரியும். கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் அடிமட்ட மென்பொருள். அதற்குள் ஃபைல்களைச் சேமிக்கும் பகுதிதான் என் ராஜ்ஜியம். புதுக்கோட்டையில் ஒரு மாடியில் நாலே பேர் கொண்ட கம்பெனி; கடைகளில் கேமரா படத்தைப் பதிவு செய்யும் பெட்டி தயாரிக்கிறோம். உங்களில் யாராவது இதே பாவத்தைச் செய்துகொண்டிருந்தால், இதெல்லாம் நமக்குள் இருக்கட்டும்.

ஏணி

மெமரியைக் கெர்னல் பக்கம் பக்கமாகத்தான் கொடுக்கும். ஒரு பக்கத்தில் நாலாயிரத்துச் சொச்சம் எழுத்து கொள்ளும். வேண்டும்போது கேட்டு வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வேலை நல்லபடியாக முடிந்தால் நான் ஒழுங்காகக் கொடுத்துவிடுவேன். நடுவில் ஏதாவது பிழை வந்து பாதியில் திரும்பினால் மட்டும் கொடுக்க மறந்துவிட்டேன். பிழைக்கு ஒரு பக்கம் என்று போய், மூன்றே நாளில் பெட்டியில் மெமரி காலி.

அதைத் திருத்திய கையோடு, கடைகளில் பெட்டி மாட்டும் முத்தையா அண்ணனிடம் இதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டேன். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்காமலே அவர் சொன்னார்: “வாங்குனதத் திருப்பிக் குடுக்குற பழக்கம் ஒங்களுக்கு எப்பம்மா இருந்துச்சு? வெள்ளையடிக்க வாங்கிட்டுப் போன என் ஏணி ஆடியிலேருந்து ஒங்க வீட்லதான் நிக்கிது.”

மேசையில் சமர்த்து

அன்னவாசல் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கமால் பாய் போன் செய்தார். தினமும் ஒரு மணி வாக்கில் பெட்டி உறைந்துவிடுகிறதாம். திரையில் ஒரு அம்மாள் சேலையை விரித்துப் பிடித்தபடி இரண்டு மணி நேரமாக நிற்கிறாராம். அதே மாதிரிப் பெட்டியை எங்கள் மேசையில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். சமர்த்தாக ஓடியது. நம் மானத்தை வாங்கும் பிழைகள் நம் மேசையில் ஒருநாளும் வராது என்பது உங்களுக்கே தெரியும்.

கடைவீதி வியாபாரிகள் மத்தியில் கமால் பாய் பெரிய ஆள். அவர் சொல்லித்தான் அதே வீதியில் இன்னும் ஒன்பது கடைகள் எங்கள் பெட்டியை வாங்கின. அவர் திருப்பிவிட்டால் ஒன்பதும் திரும்பி வரும், எங்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. முதலாளி என் நாற்காலி அருகே வந்து அமைதியாகச் சொன்னார்: “அந்தப் பொட்டி இங்கிட்டு வந்துச்சுன்னா, நாம நாலு பேரும் அங்கிட்டுக் கெளம்ப வேண்டியதுதான் மேடம்.”

ஒரு சொல்

மூன்று வாரம் கழித்துக் குற்றவாளியைப் பிடித்தேன். நானேதான். படத்தை டிஸ்கில் எழுதும்போது என் புரோகிராம் ஒரு பூட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் மெமரி கேட்கிறது. மெமரி தீர்ந்துபோன நேரத்தில் கெர்னல் என்ன செய்யும்? ‘பழைய பக்கங்களை டிஸ்கில் எழுதிவிட்டு அந்த இடத்தைத் தருகிறேன்’ என்று, எழுதும் வேலையை என் புரோகிராமிடமே அனுப்பும். எழுத வேண்டுமானால் அந்தப் பூட்டைத் திறக்க வேண்டும். மெமரி வராமல் பூட்டைத் திறக்க மாட்டேன், பூட்டைத் திறக்காமல் மெமரி வராது. இப்படி என்னை நானே எதிர்பார்த்துக் காத்துக் கிடந்திருக்கிறேன், சேலை விரித்த அம்மாளையும் நிற்க வைத்துக்கொண்டு.

மருந்து சின்னது. மெமரி கேட்கும் வரியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால், ‘இடம் தேடி என்னிடமே வராதே’ என்று அர்த்தம். மாற்றினேன். அன்னவாசலுக்கு ஒரு நடை போய்ப் பத்துப் பெட்டிகளிலும் ஏற்றிவிட்டு வந்தேன். முத்தையா அண்ணன் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இந்த ஒத்த வார்த்தைக்கா மூணு வாரமா யாரு பேசுனாலும் எரிஞ்சு விழுந்தீங்க?”

பாங்கு

ஒரு மாதம் ஓடியது. ஒரு புகார்கூட இல்லை. முதலாளி ஜாங்கிரி வாங்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டி இடையில் எத்தனை தடவை அணைந்தது என்று, நடந்ததையெல்லாம் அது குறித்து வைக்கும் லாகைப் பார்த்திருக்கலாம். சந்தோஷமாக இருப்பவர்கள் லாக் படிப்பதில்லை. நேரில் போய்ப் பாராட்டு வாங்கலாம் என்று பஸ் ஏறினேன்.

பாய் கலர் சோடா வரவழைத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார், பெட்டியின் சுவிட்சை அணைத்தார், பத்து எண்ணினார், மறுபடி போட்டார். எதிரே மருந்துக்கடை முருகேசனின் கையும் சுவிட்சுக்குப் போனது. பக்கத்துப் பாத்திரக்கடையிலும் அதே கதை. என் கண்ணுக்குத் தெரிந்த பெட்டிகள் எல்லாம் அணைந்து எரிந்தன. சோடா எனக்குப் புரையேறியது.

“எப்பலேருந்து பாய் இப்படி?”

“நீங்க வந்து என்னமோ மாத்துனீங்கள்ல, அதுக்கு ரெண்டு நாள் முந்தியே கண்டுபுடிச்சுட்டேம்மா. கடை தொறந்தா நாலு பாங்கு. ஒவ்வொரு பாங்குக்கும் ஒருக்க ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனா பொட்டி நிக்கிறதே இல்ல. வீதி முழுக்கச் சொல்லிக் குடுத்துட்டேன்.”

அணைத்துப் போட்டால் மெமரி முழுசாகத் திரும்பக் கிடைத்துவிடும்; அது தீர்ந்தால்தானே என் ஒரு சொல்லுக்குச் சோதனை! ஒரே ஒரு நாள் அணைக்காமல் விட்டுப் பாருங்கள், நான் செய்தது சரியா என்று தெரிய வேண்டும் என்று கெஞ்சினேன். செருப்பை மாட்டிக்கொண்டே பாய் சொன்னார்: “நல்லா ஓடுற பொட்டியில நமக்கு எதுக்கும்மா வம்பு? பத்துக் கடைக்காரங்களும் இன்னும் ரெண்டு ரெண்டு கேமரா கேக்குறாங்க, முதலாளிகிட்டச் சொல்லுங்க.”

நான் மாற்றிய அந்தச் சொல் வேலை செய்கிறதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது, நாங்கள் நாலு பேரும் வேலை செய்துகொண்டிருக்கிறோம் என்பது மட்டும் தெரியும்.