மிராசுதார் பார்த்த வயிற்றுப்புண்

1. விறைப்புக் குழாய்

தஞ்சாவூரில் நர்ஸாகச் சேர்ந்த முதல் நாளே சர்ஜன் என் கைகளைத்தான் பார்த்தார்.

"எந்த ஊரும்மா?"

"தரங்கம்பாடி சார். அப்பா கடலுக்குப் போறவரு."

"அப்ப கை உறுதியா இருக்கும். நீ தலை பிடி."

வயிற்றுக்குள் பார்க்கும் கேஸ்ட்ரோஸ்கோப் அப்போது பாதி விறைப்பான குழாய். நுனியில் குட்டி பல்பு, உள்ளே வரிசையாக லென்ஸ். நோயாளி தலையை வெடுக்கென்று திருப்பினால் உணவுக்குழாய் கிழிந்துவிடும். பார்ப்பது டாக்டர், உயிர் இருப்பது தலை பிடிப்பவள் கையில். நான் பிடித்து ஒருவருக்கும் கிழிந்ததில்லை. இதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்?

ஆனால் அந்தக் குழாய் நினைத்தபடி வளையாது. வயிற்றின் சில மூலைகளை அதனால் பார்க்கவே முடியாது.

2. வளையும் குழாய்

பாபநாசம் பக்கத்து விவசாயக் கூலி மாரிமுத்து வயிற்றுவலியோடு வந்தார். குழாயில் ஒன்றும் தெரியவில்லை; சீட்டில் 'வலிக்குக் காரணம் இல்லை' என்று எழுதி அனுப்பினோம். ஊரில் கூலித் தகராறு உச்சத்தில் இருந்த சமயம். "அறுப்புக்கு வராம நடிக்கிறான்" என்று மிராசுதார் அந்தச் சீட்டைக் காட்டி, தன் நிலத்தில் இருந்த குடிசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

அதற்குள் எங்களுக்குப் புது ஃபைபர் ஸ்கோப் வந்தது. கண்ணாடி இழைகளால் ஆனது, கயிறு போல வளையும், குமிழைத் திருகினால் நுனி திரும்பும். மாரிமுத்துவை மறுபடி வரவழைத்தோம். டாக்டர் புண் என்று சொன்னால் குடிசையை விட்டுவிடுவதாகச் விவசாயக் கூலிகள் சங்கத்தாரிடம் ஒப்புக்கொண்டு, மிராசுதாரும் கூடவே வந்தார்.

டாக்டர் நுனியைத் திருப்பினார். "இருக்கு. ஆழமான புண்ணு."

"நீங்களும் அவங்க பக்கம் பேசுறீங்க" என்றார் வாசலில் நின்ற மிராசுதார்.

மாரிமுத்துவின் வாயில் குழாய். பேச முடியாது. கையை உயர்த்தி மிராசுதாரை அழைத்து, கண் வைக்கும் இடத்தைக் காட்டினார்.

"உங்களைப் பாக்கச் சொல்றாருங்க" என்றேன்.

மேஜை தாழ்வு. தோள்துண்டு நழுவ, மாரிமுத்துவின் முகத்தருகே குனிந்துதான் அவர் பார்த்தார்.

"நடுவுல வெள்ளையா குழி தெரியுதா?" என்றார் டாக்டர்.

மிராசுதார் கண்ணை எடுக்காமலே கேட்டார்: "இதை வச்சுக்கிட்டா இத்தனை நாளும் அறுத்தான்?"

"ஆமாங்க" என்றேன். "இப்படிக் குனிஞ்சுதான்."

குடிசை தப்பியது. ஆபரேஷன் முடிந்து மாரிமுத்துவும் பிழைத்தார்.

இப்போது டிவி திரையில் வயிற்றைப் பார்க்கிறார்கள். தலை பிடிக்க ஆள் வேண்டாம். ஆனாலும் டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளே, ஒன்றும் தெரியவில்லை என்றால் "குழாய்க்கு எட்டவில்லை" என்று எழுதுங்கள். வலி இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு வரியில் ஒருவர் வீடு போய்விடும்.