சர்வருக்குக் கதவு வைத்த முருகேசன்

முருகேசன் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார் என்று அவர் மனைவி போனில் அழுத காலையில், புதுச்சத்திரம் ஆபீஸில் எங்கள் முதலாளி கேட்ட முதல் கேள்வி, "அப்ப சர்வரு?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அதே கேள்வி எனக்குள்ளும் வந்து போயிருந்தது. இந்த அஞ்சலியைப் படிக்கும், அவரை அறிந்த உங்களிடம் அதை மறைக்க மனமில்லை.

லாரிகள் எங்கே ஓடுகின்றன என்று உரிமையாளர்களுக்குப் போனில் காட்டுவது எங்கள் தொழில். அதற்கான சர்வர்கள், அதாவது கிளவுட் கணினிகள், ஏதோ தூரத்து ஊரில் வாடகைக்கு ஓடுகின்றன. ஒவ்வொன்றும் எழுந்திருக்கும்போதே தன் முகவரியைக் கேட்டு வாங்கி, தானாக நெட்வொர்க்கில் சேர வேண்டும். சேராவிட்டால் இங்கிருந்து யாரும் உள்ளே போக முடியாது. அப்படிச் சேர்த்துவிடும் நிரலை எழுதியவர் எருமப்பட்டிக்காரரான எங்கள் அண்ணன்.

ஒருமுறை நான் ஒரு கணினியை நகலெடுத்து, நகல் எழுவதற்கு முன்பே பழையதை அழித்துவிட்டேன். அவசரக் குடுக்கை என்றால் நான்தான். நகலோ, இல்லாமல் போன பழைய நெட்வொர்க் கார்டையே தேடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. லாரிக்காரர்கள் போனில் காய்ச்சி எடுத்தார்கள். அண்ணன் கத்தவில்லை. "உள்ள உசுரோடதான் இருக்குது அம்மிணி. கதவுதான் இல்ல" என்றார். அதன் டிஸ்கை வேறொரு கணினியோடு இணைத்து, ஒரு வரியைத் திருத்தி எழுப்பினார்.

அதன்பின் நெட்வொர்க்கில் கைவைக்கும் முன், ஐந்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி திரும்பிவிட ஏற்பாடு செய்துவிடுவார். மாற்றம் சரியாக இருந்தால் மட்டும் அந்த ஏற்பாட்டை ரத்து செய்வார். "உள்ள போறதுக்கு முந்தி வெளிய வர்ற வழியப் பாத்துக்கோணும்" என்பார்.

தனக்கு அப்படி ஒரு வழி அவர் வைத்துக்கொள்ளவில்லை. தங்கை கல்யாணத்தில்கூட மண்டபத்து மூலையில் லேப்டாப்போடு இருந்தார். "லீவுன்னா எனக்கு எடம் மாறி உக்கார்றதுதானுங்க" என்று சிரித்தார். ஆபீஸில் என்னையும் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். நான் பிடி கொடுக்கவில்லை. தெரிந்தவர்தான் மாட்டிக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். நான்கு வருடம் மண்டையில் ஏறாதவளாக நடித்தேன்.

போன மாதம் என் மேசைக்கு வந்தார். "நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதுங்க அம்மிணி. ஒரு வாரம் நீங்க பாத்துக்கிட்டா சேலம் போயிக் காட்டிட்டு வாரேன்."

"அடுத்த மாசம் பாக்கலாங்ணா" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு அவர் இடத்துக்குப் போனார்.

காரியம் முடிந்த மறுநாள் ஒரு கணினி தானாக அணைந்து எழுந்து, பேச மறுத்தது. வேறு ஆளில்லை. அவர் நிரலைத் திறந்து உட்கார்ந்தேன். நான்கு வருடம் நான் ஒதுங்கி நின்ற வேலை ஒரே மதியத்தில் புரிந்துவிட்டது. கணினி எழுந்ததும், "இனி நீங்கதானுங்க" என்றார் முதலாளி, நிம்மதியாக.

இப்போது அவர் நாற்காலியில் நான். சேலம் போய்வரக்கூடக் கேட்டுத்தான் போக வேண்டும். அண்ணனிடமிருந்து எனக்கு வந்தவை அந்த நிரலும், அந்த ஐந்து நிமிட வழக்கமும். நான் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டியது ஒரு மதியம். அதையும் நானே வைத்துக்கொண்டுவிட்டேன்.