கயிறு அவிழ்க்கும் நாள்

குடியை நிறுத்த எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. முனியப்பன் கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் கையை நீட்ட வேண்டும். "எத்தன நாளைக்கு சாமி?" என்பார். நாளைச் சொன்னால் மணிக்கட்டில் கருப்புக் கயிறு கட்டுவார். அவரே அவிழ்க்கும் வரை ஒரு சொட்டுத் தொடக்கூடாது. நான் மூன்று முறை கட்டியிருக்கிறேன். ஒரு முறைகூட வாக்குத் தவறவில்லை. சாமி குத்தம் என்றால் சும்மாவா?

கோளாறெல்லாம் அவிழ்க்கிற நாளில்தான். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் எனக்குத் தச்சு வேலை. கூட்டாளிகள் கோயில் வாசலிலேயே பாட்டிலோடு நிற்பார்கள். சாமிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய வீரன் அல்லவா நான்! முதல் இரண்டு கயிறும் அப்படித்தான் முடிந்தன. இரண்டாம் முறை ரோட்டோரம் விழுந்து கிடந்தவனை, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மனைவி தேடி வந்தாள். மறுநாள் காலையில் நிதானமாகச் சொன்னாள்.

"நீங்க குடிய உடுலீங்க, குடிக்கு லீவு உட்டிருக்கறீங்க. இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா, நானும் புள்ளயும் எங்கம்மா ஊட்டோட இருந்துக்கறோம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னால் யாருக்குத்தான் வராது?

மூன்றாவது கயிறு கையில் இருந்த மாதங்களை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஏங்குகிறது. மனைவியின் அண்ணன் முட்டை லாரி ஓட்டுகிறவர், எனக்கு முன்பே குடியை விட்டவர். சாயங்காலம் பட்டறையில் மெஷின் நிற்கிற நேரத்துக்கு மச்சானின் போன் வரும்.

"சாப்டீங்களா மாப்ள?"

எந்த ஊரில் இருந்தாலும் முதல் கேள்வி அதுதான். வெறும் வயிற்றோடு கடைத்தெருப் பக்கம் போகக் கூடாது, ஏரிக்கரை வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போக வேண்டும் என்பார். "நெனப்பு வந்துச்சுன்னா அரமணி நேரம் கைக்கு வேல குடுங்க. அது தானாப் போயிரும்" என்பார். அரைமணி நேரத்தில் போகிற சனியனா அது என்று மனசுக்குள் திட்டுவேன்.

ஆனால் போனது. பழைய லாரிப் பலகைகளில் பிடுங்கிய வளைந்த ஆணிகளை ஒரு டின்னில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வாசலில் உட்கார்ந்து, இரும்புத் துண்டின் மேல் வைத்துத் தட்டித் தட்டி நிமிர்த்துவேன். மகள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள். உள்ளே கடலை வறுக்கிற வாசம் வரும்.

"ஏனுங்க, இத்தன ஆணியெ நிமித்தி என்ன, கப்பலா கட்டப் போறீங்க?" என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்பாள்.

கூட்டாளிகளோடு சிரித்த சிரிப்புக்கும் அப்போது ஏங்கினேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது நினைவில் நிற்பது அந்தக் கடலை வாசமும் அவளுடைய நக்கலும்தான்.

நாள் வந்தது. பூசாரி கயிற்றை அவிழ்த்தார். கை வெறுமையானதும் பயம் பிடித்துக்கொண்டது. கோயில் வாசலில் வழக்கம்போலக் கூட்டாளிகள் நின்றார்கள்.

"கயிறுதான் போச்சே பங்காளி, இனி என்ன?"

"ஊட்டுல ஒரு எட்டு சொல்லிட்டு வாரேன்" என்று பொய் சொல்லி வண்டியைக் கிளப்பினேன். ஏரிக்கரை வழியாகச் சுற்றி வீட்டுக்கு வந்தேன். குடிக்காமல் வந்திருக்கிறேன், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அப்படி ஒரு ஆசை.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா சாவியைக் கொடுத்தார். "புள்ளயெக் கூட்டிக்கிட்டு மத்தியானமே எடப்பாடிக்குப் போயிருச்சுங்க, அவங்கம்மா ஊட்டுக்கு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. குடிக்காமல் வந்தவனுக்குப் பூட்டா? நம்பாதவளுக்காக நான் ஏன் நாக்கைக் கட்டிக்கொண்டு கிடக்க வேண்டும்? வாசலிலேயே வண்டியைத் திருப்பிவிட்டேன். கோயில் வாசலில் தலைதூக்காத ஆசை, இந்தக் கோபத்தில் பத்து மடங்காக எழுந்தது. என்ன தோன்றியதோ, மச்சானுக்குப் போன் போட்டேன். கேரளாப் பக்கம் எங்கேயோ லாரியை ஓரங்கட்டிவிட்டுப் பேசினார்.

"சாப்டீங்களா மாப்ள?"

"உங்க தங்கச்சி ஊட்டெப் பூட்டிட்டு அம்மா ஊட்டுக்குப் போன காரியத்துக்குச் சோறு ஒண்ணுதான் கேடு!"

அவர் கோபப்படவில்லை. "ரண்டு தடவ பாத்தவ, மூணாவது தடவ பயப்படாம என்ன பண்ணுவா? மொதல்ல உள்ள போய்ச் சாப்பிடுங்க. அப்பறம் என்னெ எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க."

கதவைத் திறந்தேன். சோறும் குழம்பும் மூடியிருந்தன. தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. பக்கத்திலேயே ஆணி டின், இரும்புத் துண்டு, சுத்தியல். கூடவே ஒரு கிண்ணத்தில் வறுத்த கடலை. பயந்து ஓடிப் போனவள், நான் நிதானமாக வந்தாலும் வருவேன் என்று நினைத்து இதையெல்லாம் எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சோற்றில் கை வைத்தபடி அழுதேன். பிறகு டின்னில் இருந்த ஆணி முழுவதையும் நிமிர்த்தினேன்.

நான் என்ன ஆனேனோ என்று பார்க்க, காலையில் முதல் பஸ்ஸிலேயே மனைவி வந்துவிட்டாள். மகள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். என் பக்கத்தில் வந்து வாயை மோந்து பார்க்கவில்லை. நேராக டின்னிடம் போனாள். ஒரு ஆணியை எடுத்துப் பார்த்தாள், இன்னொன்றை எடுத்தாள். எல்லாம் நேராக இருந்தன.

"ஒரு போன் பண்ணியிருந்தா நேத்தே வந்திருப்பனே!" என்று என்னைத் திட்டிக்கொண்டே அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு என் வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள். "அடுத்த கயிறு எத்தன நாளைக்குங்க?"

"கயிறு வேண்டாம் புள்ள. ஆணிதான் தீந்துபோச்சு. இன்னைக்குக் கொண்டுக்கிட்டு வாரேன்."