அழுகல் மட்டிக்கு வந்த மவுசு

பூங்கனி எனக்குப் பதினோராயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தாள். வடசேரி சந்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மறைக்க ஒன்றுமில்லை. 2011 மழையில் சந்தைக்கு ஆளே வரவில்லை. என்னிடம் கடனுக்கு எடுத்த மட்டி வாழைக்குலை அத்தனையும் அவள் கடையில் தொங்கியபடியே கறுத்துப் போயின. மட்டிப்பழம் பழுத்துவிட்டால் யாருக்காகவும் காத்திருக்காது.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். தடிக்காரன்கோணத்திலிருந்து தலைச்சுமையாய்க் குலை கொண்டுவந்து விற்று, இன்றைக்கு இந்தச் சந்தையிலேயே பெரிய வாழைமண்டிக்குச் சொந்தக்காரன். எந்தக் குலை எந்தத் தோட்டத்துக் குலை என்று காம்பைப் பார்த்தே சொல்வேன். என்னை ஏமாற்றியவன் இன்னும் பிறக்கவில்லை. என் மண்டியில் ஒரு சட்டம்: பழைய பாக்கி தீராமல் புதுக் குலை கிடையாது. பூங்கனிக்கும் அதேதான்.

அவள் அழவில்லை. கடையைக் காலி செய்துவிட்டு, கையில் இருந்த காசுக்கு நாலு சீப்பு வாங்கி, சந்தை வாசலில் கூடையோடு உட்கார்ந்தாள்.

"உமக்க பைசாவை எண்ணி வச்சுட்டுத்தான் அண்ணாச்சி எனக்க கடையில ஏறுவேன்" என்றாள்.

நல்ல தாட்டியான பொம்பிளை. அவள் சிரித்தால் மீன் கடை வரைக்கும் கேட்கும். பழம் வாங்காமல் போகிறவனையும் சிரிக்க வைத்துத்தான் அனுப்புவாள். ஆனால் கூடை வியாபாரத்தில் வயிறு கழுவலாம், கடன் தீராது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மறு வருஷம் கீரிப்பாறை போகிற வழியில் ஒரு பூங்காவில் வண்ணத்துப்பூச்சிக்கென்று கண்ணாடி வீடு கட்டினார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் செல்வதாஸ் ஒரு நாள் என் மண்டிக்கு வந்தார்.

"அண்ணாச்சி, தெனம் ஒரு கூடை பழம் வேணும். நல்லா அழுகினதா."

"இந்த ராஜையனுக்க மண்டியில அழுகல் கேட்டு வந்த மொத ஆளு நீருதான். வாசல் அந்தப் பக்கம்" என்றேன்.

வாசலில் பூங்கனி அவரைப் பிடித்துக்கொண்டாள். மாதக் கடைசியில் பணம் உண்டு என்று கேட்டதும் ஒத்துக்கொண்டு, நேரே என்னிடம் வந்தாள்.

"அழுகலைக் கொண்டு கொடுத்தா நாளைக்கு எனக்கு என்ன பேரு அண்ணாச்சி? நல்லதாட்டு ஒரு குலை தாரும்."

வியாபாரிக்கு வியாபாரி சொன்ன நியாயம். அன்றைக்கு மட்டும் சட்டத்தைத் தள்ளி வைத்தேன். நானே நின்று தேர்ந்தெடுத்தேன். ஒரு புள்ளி கிடையாது, பொன் மாதிரி இருந்தது. அந்தக் குலையின் அழகுக்காகவே நானும் எஸ்டேட் பஸ்ஸில் கூடப் போனேன்.

கண்ணாடி வீட்டுக்குள் நுழைந்ததும் என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. துடைத்துப் பார்த்தால், உள்ளே ஒரு குட்டிக் காடு. சிரட்டையில் கட்டித் தொங்கவிட்ட ஆர்கிட், ஆள் உயரத்துக்குக் கிருஷ்ணகிரீடப் பூச்செடி, சிவப்புச் செத்திப்பூ. செத்தியில் கறுப்புப் பூச்சிகள் தேன் குடித்துக்கொண்டிருந்தன. பழம் தின்கிற சாதியோ உச்சிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. எங்கள் பழத்தைத் தட்டில் வைத்துக் காத்திருந்தோம். கடைசியில் செல்வதாஸ் ஒன்றை உரித்து வாயில் போட்டார».

"பழம் கொள்ளாம், நல்ல ருசி அண்ணாச்சி. ஆனா தின்னது நான்தான். பூச்சி புளிச்ச சாறுதான் குடிக்கும். ஞாயித்துக்கிழமை ஸ்கூல் பிள்ளைய வருது. அதுக்குள்ள அழுகல் வரலேன்னா நான் வேற ஆளைப் பாக்கணும்."

பூங்கனி சிரிக்காமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். திரும்பும் வழியில் பஸ்ஸில் என் பக்கம் சாய்ந்து கேட்டாள்:

"அண்ணாச்சி, உமக்க மண்டிக்குப் பொறத்த மாட்டுக்குத் தட்டுக அழுகல் கிடக்குல்லா?"

"ஏட்டி, அது வெளிய போனா எனக்க மானம் போவும்."

"மானத்தைப் பூச்சி தின்னட்டும். எனக்கு அது வேணும்."

மறுநாள் காலை வெடித்ததும் கறுத்ததும் ஒழுகுவதுமாய்க் கூடை நிறைய அள்ளி, சாக்குப் போட்டு மூடி, பஸ்ஸில் ஏற்றினாள். மானம் போனாலும் போகட்டும் என்று நானும் ஏறினேன். பஸ் முழுக்கப் புளித்த வாடை.

"ஏட்டி, இது பஸ்ஸா கள்ளுக்கடையா?" என்றார் கண்டக்டர்.

"கூடைக்கும் டிக்கெட் எடுத்தாச்சு. மணம் சும்மா, நல்லா இழுத்துக்கிடும்" என்றாள். ரப்பர் பால் வெட்டப் போகிற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டே சிரித்தார்கள்.

தட்டில் கொட்டிய கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து ஒரு காய்ந்த இலை விழுந்தது. எடுத்துப் போடலாம் என்று கையை நீட்டினேன். இலை விரிந்தது. உள்ளே அப்படி ஒரு நீலம், குறுக்கே வெள்ளைப் பட்டை. அது வண்ணத்துப்பூச்சி. பின்னாலேயே இன்னொரு இலை, இன்னொன்று. தட்டே மறைந்துவிட்டது. குடித்துக் குடித்து, தொட்டால்கூட எழும்பாமல் கிடந்தன. ஒன்று என் வெள்ளைச் சட்டைக் காலரில் வந்து உட்கார்ந்தது.

"அண்ணாச்சிக்க மேலயும் மட்டி மணமில்லா" என்றார் செல்வதாஸ்.

"நாப்பது வருஷத்து மணமாக்கும். சோப்புப் போட்டாலும் போவாது" என்றேன். உள்ளதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்?

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கூட்டம் அலைமோதியது. பூங்கனி தட்டுக்குப் பக்கத்தில் நின்று, "இலையை நம்பாதுங்க மக்களே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆர்டர் நிலைத்தது. அதன்பிறகு சந்தையில் எவன் கடையில் பழம் கறுத்தாலும் பூங்கனியைத்தான் கூப்பிட்டான். எந்த அழுகல் அவளைக் கடனில் தள்ளியதோ, அதையே மாதம் முழுக்கச் சுமந்தாள். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் வாங்கிய பணத்தை முடிந்து வைத்தாள்.

எங்கள் சந்தையில் ஒரு வழக்கம். கடன் வாங்குவது காதோடு காதாக இருக்கலாம். தீர்க்கும்போது நாலு கடைக்குக் கேட்கிற மாதிரி எண்ண வேண்டும். 2013 கிறிஸ்துமஸுக்கு முந்தின சந்தை நாள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு பூங்கனி என் மண்டி முன்னால் வந்து நின்றாள்.

"கையை நீட்டும் அண்ணாச்சி."

நீட்டினேன். மடியை அவிழ்த்தாள். நோட்டெல்லாம் புளித்த மட்டி வாடை. "ஆயிரம்" என்றாள். தராசுக்காரன் தராசை நிறுத்தினான். "ரெண்டாயிரம்." மீன் கடைப் பக்கமிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். குரல் ஏற ஏற அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. கடைசி நோட்டை என் விரித்த கையில் வைத்து, இன்னொரு கையால் அழுத்தி, "பதினோராயிரம்" என்றாள்.