பூ கேட்டு உடைத்த தரை

இதை எழுதப் பல வருஷமாக உட்காருவதும் எழுந்து போவதுமாக இருந்தேன். சாமி காரியம். எழுதப்போய் ஏதாவது தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். இன்றைக்கும் அந்தப் பயம் போகவில்லை. மலையுச்சிச் சேர்வராயனைக் கும்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஏற்காட்டில் காப்பிச் செடிகளுக்கு நடுவே சரிவில் இருக்கிறது. மேல்பக்கம் மண்ணை வெட்டி, கீழ்ப்பக்கம் கல் கட்டி, அந்த மண்ணைக் கொட்டி நிரவி எழுப்பிய வீடு. சிமெண்டுத் தரை மழைக்காலத்தில் வேர்த்து வழுக்கும். சேலத்தில் கட்டிக்கொடுத்த மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று போன் வந்ததும் எனக்கு முதலில் அந்தத் தரைதான் ஞாபகம் வந்தது. அவள் பேறுகாலத்துக்கு வருவதற்குள் சொரசொரப்பான டைல்ஸ் போட்டுவிட வேண்டும். வந்த பிறகு முடியாது. வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் இடிப்பதோ உடைப்பதோ எங்கள் பக்கம் ஆகாது. பிள்ளைக்கு ஊனம் வரும் என்பார்கள்.

அடிவாரத்துக் கொத்தனார் வந்து பழைய தரையைக் கொத்தி எடுத்துவிட்டு, காங்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டினார். கடைசியில் விரல் முட்டியால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார்.

"கேட்டுக்குங்ணா. டொக்குனு வந்தா உள்ள காலின்னு அர்த்தம். இது பாருங்க, உங்க மண்டையத் தட்டுனாக்கூட இத்தன கெட்டியா வராது."

மகள் வந்தாள். உள்ளறையில் கட்டில் போட்டோம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் கட்டிலுக்கடியில் உருண்டுபோன மாத்திரை டப்பாவை எடுக்கக் குனிந்து கையை ஊன்றினேன். டொக். பக்கத்து டைல்ஸும் டொக். அதன்பிறகு தினமும் தட்டினேன். அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வாசல் பக்கம் நகர்ந்து வந்தது.

குடையைப் பிடித்துக்கொண்டு கீழ்ப்பக்கம் போய்ப் பார்த்தேன். கல்கட்டு இடுக்கிலிருந்து செம்மண் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. மேலே எங்கோ ஊற்றுத் திறந்து, வீட்டுக்கு அடியில் கொட்டிய மண்ணை அரித்து வெளியே கொண்டு போகிறது. கொத்தனாருக்குப் போன் போட்டேன். "ஒடச்சுப் பாத்தாத்தானுங்ணா தெரியும்" என்றார்.

மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். "ஏனுங்க, வவுத்துப்புள்ளைக்காரி இருக்கற ஊட்ல கடப்பாரையா? வாயக் கழுவுங்க மொதல்ல."

"தர உள்ள போயிருச்சுன்னா?"

"பூ கேட்டுரலாமுங்க."

வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியாக ஒரே மாதிரி காகிதத்தில் மடித்து, குலுக்கி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, கேட்க வேண்டியதை மனசுக்குள் கேட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது. சிவப்பு வந்தால் வேண்டாம். இருவரும் கண்ணை மூடி நின்றோம். அவள் எடுத்தாள். வெள்ளை.

"அப்பாடா, ஒடச்சுரலாம்" என்றேன்.

"ஒடைக்கறதா? பொறக்கற வரைக்கும் இப்படியே உட்டுரலாமான்னல்லங்க நான் கேட்டேன்!"

ஒரே பூ, இரண்டு கேள்வி. திரும்பக் கேட்கவும் கூடாது. கொடுத்த வாக்கைச் சந்தேகப்பட்டதாகிவிடும். உடைத்தால் பேரப்பிள்ளைக்கு என்ன ஆகுமோ, உடைக்காவிட்டால் மகளுக்கே என்ன ஆகுமோ.

கட்டிலிலிருந்து மகள் பேசினாள். "சாமி உங்க ரெண்டு பேருக்கும் சரின்னுருச்சு. இந்தத் தரைக்கு மேல படுத்திருக்கறது நானு. எனக்கொரு பூ வெச்சீங்களா?"

"கண்ணு, உனக்கு ஒண்ணும் தெரியாது, கம்முனு இரு" என்றாள் அவள் அம்மா.

"தெரியுதும்மா. காலு வெச்சா நொம்ப அதிருது. அப்பா, ஒடைங்க. என்ன ஆனாலும் நான் சொன்னதா இருக்கட்டும்."

அவளைப் பக்கத்து வீட்டில் உட்காரவைத்துவிட்டு வந்து கட்டிலை நகர்த்தினேன். சாமி பேரைச் சொல்லிக் கடப்பாரையைப் போட்டேன். உடைந்த இடத்தில் டார்ச் அடித்தால் உள்ளே இருட்டு. தண்ணீர் ஓடுகிற சத்தம். தோள் வரை கையை விட்டும் மண் தட்டுப்படவில்லை. உள்ளங்கை கனத்துக் காங்கிரீட் அந்தரத்தில் நின்றது. அதன்மேல்தான் கட்டில் கிடந்திருக்கிறது. அன்றைக்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு, ஊருக்குள் ஒண்டிக்கடைப் பக்கம் இருக்கும் கொழுந்தியா வீட்டுக்குப் போய்விட்டோம்.

பிறக்கும் வரை மனைவி என்னோடு சரியாகப் பேசவில்லை. நானும் சரியாகச் சாப்பிடவில்லை. சேலம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. மனைவி வாங்கியதும் கை, கால், விரல் என்று எண்ணி எண்ணிப் பார்த்தாள். காதுக்கு முன்னால், மடல் சேருகிற இடத்தில், கடுகளவு ஒரு துளை. அப்படியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

"இது நெறயக் கொழந்தைங்களுக்கு இருக்கறதுதாங்கம்மா. காதெல்லாம் நல்லாக் கேக்கும்" என்றார் நர்ஸம்மா. நன்றாகவே கேட்கிறது. மெதுவாகக் கூப்பிட்டாலே ஓடி வருகிறாள்.

ஆனால் சொந்தத்தில் கதை வேறு மாதிரி போகிறது. உடைக்காதே என்று பூ வந்தும் மீறி உடைத்தார்கள், அதனால்தான் துளை என்கிறார்கள் சிலர். மகள் கட்டிலைவிட்டு இறங்கிய மறுநிமிஷமே தரை உள்ளே போய்விட்டது, சாமியே எழுப்பி விட்டது என்கிறார்கள் சிலர். இரண்டும் நடக்கவில்லை. சாமி யாருக்குச் சரி சொன்னது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பேத்திக்குத் தலை சீவும்போது என் கண் அந்தத் துளைக்குப் போகும். வாய் தானாகச் சாமி பேரைச் சொல்லும்.

படிக்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். வந்தது வெள்ளைப் பூ. கேட்ட நாங்கள் இருவரும் வேறு வேறு கேட்டோம். உடைக்கச் சொன்னவள் என் மகள். நீங்கள் ஒரு வார்த்தை கூட்டினாலும் குறைத்தாலும், பழி அந்தக் குழந்தை தலையில்தான் விழும்.